சூழலைப் பேசும் கலையும் தொடக்கநிலைக் கலைஞர்களுக்கான ஆதரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழலின் நிலைத்தன்மையைத் தம் படைப்பின் மையமாகக் கொண்ட, தொழிலின் தொடக்கத்தில் இருக்கும் கலைஞர்களுக்கு உதவ விரும்பும் அறக்கட்டளைகள், கலைக்கூடங்கள், கல்லூரிகள், தனிநபர்கள் ஆகியோர் திட்டமிடும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விண்ணப்பிக்க எண்ணும் கலைஞர்களும், தாம் எவற்றையெல்லாம் கேட்டுப் பெறலாம் என்பதை இவற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

தொடக்கநிலைக் கலைஞர் என்று யாரைக் கொள்வது? வயது வரம்பு வைக்கலாமா?

வயதைவிடப் பணி அனுபவத்தை அளவுகோலாக்குவதே பொருத்தம். கலைப்பணியில் இறங்கிச் சில ஆண்டுகளே ஆனவர், பெரிய தனிக் கண்காட்சி எதுவும் இதுவரை நடத்தாதவர், தம் படைப்புகளை விற்றுத்தரும் கலைக்கூடம் எதுவும் அமையாதவர் என்று வரையறுத்தால் போதும். சூழல் சார்ந்த கலைக்கு வருபவர்களில் பலர் வேளாண்மை, உயிரியல், கட்டடக்கலை போன்ற வேறு துறைகளில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வருகிறார்கள். அந்த அனுபவமே அவர்களுடைய படைப்புக்கு மூலதனம். 30 அல்லது 35 வயது என்று கோடு கிழித்தால் அவர்களும், பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து திரும்புபவர்களும் வெளியே நின்றுவிடுவார்கள். கலைக் கல்லூரிப் பட்டத்தைக் கட்டாயமாக்குவதாலும் இதே விளைவுதான் ஏற்படும்.

எத்தகைய படைப்புகள் இந்த வகையில் அடங்கும்?

வறண்ட ஆற்றை வரைந்தவர் எல்லோரும் இந்த வகையில் வருவாரா என்பதே பெரும்பாலும் இக்கேள்வியின் உட்பொருள். வரலாம்; ஆனால் கருப்பொருள் மட்டுமே அளவுகோலாக இருந்தால் இந்தத் துறையின் பாதி நம் கண்ணிலிருந்து தப்பிவிடும். சில படைப்புகள் சூழலைப் பற்றிப் பேசுகின்றன. சில, தாம் எடுத்துக்கொண்ட பொருளின் வழியாகவே பேசுகின்றன. கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் பணியாற்றிய எல் அனட்சுயி, மதுப்புட்டிகளின் மூடிகளைச் செப்புக் கம்பியால் இணைத்து உருவாக்கும் பெருந்திரைகள் இதற்கு நல்ல சான்று. இன்னும் சில, சூழலில் நேரடியாக ஒரு செயலைச் செய்கின்றன. 1982இல் ஆக்னஸ் டெனிஸ் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், நிதிச் சந்தைக்கு அருகே குப்பையும் இடிபாடுகளும் கொட்டி நிரப்பப்பட்ட நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடை செய்தார். விலைமதிப்பற்ற அந்த மனையில் உணவுப் பயிர் வளர்ந்து நின்ற காட்சியே படைப்பு.

நான்காவதாக, பராமரிப்பு என்னும் உழைப்பைக் கலையாக்கும் மரபும் உண்டு. 1969இல் பராமரிப்புக் கலைக்கான அறிக்கையை எழுதிய மியர்லே லேடர்மன் யூகிலிஸ், 1979-80இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் ஏறத்தாழ 8,500 பணியாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி கூறினார். விண்ணப்பக் குறிப்பில் ஓவியம், சிற்பம், ஒளிப்படம் என்று வகைகளை அடைத்துவைத்தால் இத்தகைய ஒருவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார் என்பதை நடத்துபவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பொதுவான கலை நல்கைகள் இருக்கும்போது தனி ஏற்பாடு எதற்கு?

பொது நல்கைகளின் கட்டமைப்பு இந்தப் பணியின் இயல்போடு ஒத்துப்போகாத இடங்கள் பல உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் பணம் தந்து ஆண்டு முடிவதற்குள் கண்காட்சி கேட்கும் திட்டத்தில், ஒரு சதுப்பு நிலத்தின் நான்கு பருவங்களையும் பார்த்து முடிப்பதற்குள் காலக்கெடு முடிந்துவிடும். நிலத்தில் இறங்கிப் பணிசெய்வதற்கு அனுமதிகள் வேண்டும். மண், நீர் மாதிரிகளைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். இவற்றுக்கான செலவுத் தலைப்புகள் வழக்கமான வரவுசெலவுப் படிவத்தில் இருப்பதில்லை. முடிவில் கிடைக்கும் படைப்பு மட்கிப்போகும் ஒன்றாகவோ, ஒரு குளக்கரையில் வேரூன்றிய செடிகளாகவோ இருந்தால் அதை விற்று அடுத்த பணிக்குப் பணம் சேர்க்கவும் வழியில்லை. பெயர் பெற்ற கலைஞர் இவற்றைத் தம் செல்வாக்கால் சமாளித்துக்கொள்வார். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது இயலாது.

ஆகவே தனி ஏற்பாடு என்பது தனிப் பரிசு ஒன்றை ஏற்படுத்துவதைக் குறிக்கவில்லை. நீண்ட காலம், அனுமதிகளைப் பெற்றுத்தரும் துணை, படைப்பு முடிந்த பின்பும் தொடரும் பொறுப்பு ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய கட்டமைப்பையே குறிக்கிறது. ‘பசுமை’ என்ற அடைமொழியைச் சேர்த்துவிட்டுப் பழைய படிவத்தையே வைத்துக்கொள்ளும் திட்டங்களால் கலைஞருக்கு நேரும் பயன் குறைவு.

பணமாகத் தருவதா, பொருளாகவும் இடமாகவும் தருவதா?

இரண்டும் தேவை, ஆனால் ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கணக்கிடக் கூடாது. கலைஞரின் உழைப்புக்கான ஊதியத்தையும் படைப்பின் உற்பத்திச் செலவையும் ஒரே தொகையாகக் கொடுக்கும் வழக்கம் மிகப் பரவலாக உள்ளது. அப்படிக் கொடுத்தால், கலைஞர் தம் ஊதியத்தை எடுத்துப் படைப்புக்குள் கொட்டிவிடுவார் என்பது அனுபவமுள்ள எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனியே எழுதி, உற்பத்திச் செலவு கூடினாலும் ஊதியத்தில் கைவைக்க முடியாதபடி வகுக்க வேண்டும்.

ஊதியம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் முடிவு செய்ய வேண்டியதில்லை. கனடாவில் 1968இல் கலைஞர்களே தொடங்கிய கார்ஃபாக் என்ற அமைப்பு, கண்காட்சிக்கும் உரைக்கும் பிற பணிகளுக்கும் குறைந்தபட்சக் கட்டண அட்டவணையை வெளியிட்டு வருகிறது; அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1988இல் கலைஞரின் காட்சிப்படுத்தும் உரிமையையும் ஏற்றது. 2008இல் நியூயார்க்கில் உருவான வேஜ் அமைப்பு, நிறுவனத்தின் ஆண்டுச் செலவோடு இணைத்துக் கலைஞருக்கான குறைந்தபட்சக் கட்டணத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தது. உள்ளூரில் அத்தகைய அட்டவணை இல்லாவிட்டாலும், அதே அனுபவமுள்ள ஆசிரியரோ வடிவமைப்பாளரோ பெறும் நாள் ஊதியத்தை அடிப்படையாகக் கொள்ளலாம்.

இங்கே யூகிலிஸ் பற்றிய இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞராக அவர் 1977 முதல் பணியாற்றினார். பதவி அதிகாரபூர்வமானது, சம்பளம் கிடையாது. பராமரிப்பு உழைப்புக்கு மதிப்பில்லை என்று சொன்ன கலைஞரே ஊதியமின்றிப் பணியாற்றினார் என்ற முரண்பாட்டைச் சூழல் கலைக்கு ஆதரவு தரும் எவரும் மறந்துவிடக் கூடாது. குறிக்கோள் உயர்ந்தது என்பதால் ஊதியம் குறைவாக இருக்கலாம் என்ற வாதம் இத்துறையில் மிக எளிதாக நுழைந்துவிடுகிறது.

எவ்வளவு காலத்துக்கு ஆதரவு தர வேண்டும்?

நிதி குறைவாக இருந்தால், பலருக்கு ஓராண்டு தருவதைவிடச் சிலருக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் தருவது மேல். ஜோசப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த ஏழாவது டாக்குமென்டா கண்காட்சியில் 7,000 ஓக் மரங்களை நடும் பணியைத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்துக்கும் அருகில் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையால் ஆன ஒரு தூண் நிறுத்தப்பட்டது. ஒரு மரம் நடப்பட்டால் கண்காட்சி வளாகத்தில் குவிந்திருந்த கற்குவியலில் ஒரு கல் குறையும். பணி முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. பாய்ஸ் 1986இல் இறந்துவிட, கடைசி மரம் 1987இல் நடப்பட்டது. இன்று அந்த மரங்களைக் காப்பது நகரத்தின் பொறுப்பாகத் தொடர்கிறது. உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கே, கல்லையும் மரத்தையும் சேர்த்து நட ஐந்தாண்டும், தொடக்க நிதி தர ஓர் அறக்கட்டளையும், எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு நகரமும் தேவைப்பட்டன.

தொடக்கநிலைக் கலைஞருக்கு அத்தனை பெரிய அளவு வேண்டியதில்லை. முதலாண்டை முழுவதும் கவனிப்புக்கும் கற்றலுக்கும் விட்டு, இரண்டாமாண்டை உருவாக்கத்துக்கும், மூன்றாமாண்டில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கும் ஆவணமாக்கலுக்கும் ஒதுக்கினால் போதும். முதலாண்டின் முடிவில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம் என்பதை நிதி தருபவரின் நிர்வாகக் குழுவுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி தரும்.

ரெசிடென்சி எனப்படும் தங்கிப் பணிபுரியும் திட்டங்கள் பயன் தருமா?

அமைவதைப் பொறுத்தது. இயற்கை எழில் மிக்க தொலைதூர இடத்துக்குக் கலைஞரை அழைத்துச் சென்று ஒரு மாதம் தங்கவைத்து அனுப்புவது மனத்துக்கு இதமானது. ஆனால் சூழல் சிக்கல் பெரும்பாலும் எழில் மிக்க இடத்தில் இருப்பதில்லை, கழிவுநீர் நிலையத்திலும் கிடங்கிலும் துறைமுகத்திலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1990இல் தொடங்கி, இன்று ரீகாலஜி நிறுவனம் நடத்திவரும் திட்டம் இதை நன்கு உணர்ந்த ஒன்று. தன் வீட்டெதிரே தெருவைப் பெருக்குவதையே கலையாக்கிய ஜோ ஹான்சன் என்ற கலைஞரின் முயற்சியால் அது உருவானது. தேர்வாகும் கலைஞர்களுக்கு நகரின் குப்பை நிலையத்திலேயே ஸ்டுடியோவும் உதவித்தொகையும் தரப்படுகின்றன. மக்கள் எறிந்துவிட்டுப் போகும் பொருட்களைத் தேடி எடுத்து அவர்கள் நான்கு மாதங்கள் பணியாற்றுகிறார்கள்.

குழந்தைகளோ வயதான பெற்றோரோ உள்ள கலைஞர் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் போய்த் தங்க முடியாது. அவர்களுக்காக, தம் ஊரிலேயே இருந்துகொண்டு அருகிலுள்ள ஆய்வு நிலையத்துக்கோ நீர்நிலைக்கோ சென்று வரும் வகையிலும் திட்டத்தை அமைக்கலாம். பயணத்தின் கரிம உமிழ்வும் இதனால் குறையும் என்பது கூடுதல் நன்மை.

அறிவியலாளர்களோடு இணைத்துவைப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் நல்லெண்ணத்தோடு தொடங்கும் பல கூட்டு முயற்சிகள், ஆய்வு முடிவுகளுக்கு அழகான விளக்கப்படம் வரைந்து தருபவராகக் கலைஞரை ஆக்குவதில் முடிகின்றன.

மெல் சின்னின் அனுபவம் நல்ல பாடம். மண்ணில் படிந்த கன உலோகங்களைச் சில தாவரங்கள் வேர் வழியாக உறிஞ்சித் தம் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் என்று அறிந்த அவர், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளரான ரூஃபஸ் சேனியை அணுகினார். மாசுபட்ட நிலத்தில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு சேனிக்கும் தேவையாக இருந்தது. 1991இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், காட்மியம் கலந்த ஒரு குப்பை நிலத்தில் இருவரும் சேர்ந்து தோட்டம் அமைத்தார்கள். சில தாவரங்கள் உலோகத்தை உறிஞ்சுவது அங்கே உறுதிப்பட்டது. அதற்கு முன் நிகழ்ந்தது ஆதரவாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி: வல்லுநர் குழு பரிந்துரைத்த நல்கையை, இது கலைதானா என்ற ஐயத்தால் அமெரிக்க தேசியக் கலை நிதியத்தின் தலைவர் தடுத்து நிறுத்தினார், கலைஞர் நேரில் சென்று வாதிட்ட பிறகே அது திரும்பக் கிடைத்தது. மெல் சின்னுக்கு அப்போதே ஓரளவு பெயர் இருந்தது. கலைக்கல்லூரியிலிருந்து அண்மையில் வெளிவந்த ஒருவருக்காக அந்த வாதத்தை யார் சென்று செய்வார்கள் என்பதே கேள்வி. ஆதரவுத் திட்டத்தை நடத்துபவர் அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்க வேண்டும்.

நடைமுறையில், இரு தரப்புக்கும் தமக்கென ஒரு கேள்வி இருக்கும்படி பார்த்துக்கொள்வது முதல் வேலை. அறிவியலாளரின் நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். தரவுகளை யார் பயன்படுத்தலாம், படைப்பில் அறிவியல் பிழை இருந்தால் யார் திருத்துவது, கட்டுரையிலும் காட்சியிலும் யார் பெயர் எவ்வாறு இடம்பெறும் என்பவற்றை இரண்டு பக்க ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

விண்ணப்பமும் தேர்வும் எப்படி அமைய வேண்டும்?

சுருக்கமாக. முதற்கட்டத்தில் ஒரு பக்கக் குறிப்பும் ஐந்தாறு படங்களும் போதும். எழுத வராதவர் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். முழுத் திட்டத்தை இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்டு, அதைத் தயாரிப்பதற்கும் ஒரு தொகை தர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் வாங்கும் வழக்கத்தை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நடுவர் குழுவில் கலைத் துறையினரோடு சூழலியல் அறிந்த ஒருவரும், இதே நிலையை அண்மையில் கடந்துவந்த கலைஞர் ஒருவரும் இருந்தால், கவர்ச்சியான சொற்களுக்கும் உண்மையான ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். தேர்வாகாதவர்களில் இறுதிச் சுற்றுவரை வந்தவர்களுக்காவது காரணம் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள்.

கலைஞரிடம் கரிமக் கணக்கு கேட்கலாமா?

தம் பணியால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கைக் கேட்கலாம், ஆனால் நிறுவனம் தன் கணக்கை முதலில் வெளியிட்ட பிறகு கேட்பதே முறை. ஒரு கண்காட்சியின் உமிழ்வில் கலைஞரின் ஸ்டுடியோவுக்குரிய பங்கு பொதுவாகச் சிறியது. கட்டடத்தின் குளிரூட்டல், படைப்புகளின் போக்குவரத்து, விருந்தினர் பயணம் ஆகியவையே பெரும்பங்கு. வான்வழிச் சரக்கு, அதே எடைக்கும் தொலைவுக்கும் கடல்வழிச் சரக்கைவிடப் பல மடங்கு கரியமில வாயுவை வெளியிடுகிறது. படைப்பை விமானத்தில் அனுப்புவதா கப்பலில் அனுப்புவதா என்ற முடிவு, பெரும்பாலும் தேதியை நிர்ணயிக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறதே அன்றி, தாமதமாகச் செய்தி அறியும் கலைஞரின் கையில் இல்லை.

கணக்கிடும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. லண்டனில் 2007இல் தொடங்கப்பட்ட ஜூலிஸ் பைசைக்கிள் என்ற அமைப்பு கலைத் துறைக்கென்றே அவற்றை உருவாக்கியுள்ளது. இங்கிலாந்துக் கலை மன்றம் 2012 முதல், தான் நிதியளிக்கும் நிறுவனங்களிடம் சூழல் அறிக்கை கேட்கத் தொடங்கியபோது அந்த அமைப்பே துணைநின்றது. 2020இல் உருவான கேலரி கிளைமேட் கொயலிஷன் என்ற கலைத் துறைக் கூட்டமைப்பு, 2030க்குள் காட்சிக்கலைத் துறையின் உமிழ்வைக் குறைந்தது பாதியாக்கும் இலக்கை முன்வைத்து ஒரு கணிப்பானை வழங்குகிறது.

ஓலாஃபுர் எலியாசன், நிலவியலாளர் மினிக் ரோசிங்குடன் சேர்ந்து, 2015 பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது கிரீன்லாந்தின் கரையோர நீரில் மிதந்த பனிப்பாளங்கள் 12ஐக் கொண்டுவந்து பாந்தியோன் சதுக்கத்தில் உருகவிட்டார். அதன் உமிழ்வு ஏறத்தாழ 30 டன் கரியமில வாயு என்று கணக்கிடப்பட்டு வெளியிடப்பட்டது. அந்தப் படைப்பு இந்த விலைக்குத் தகுமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாதிடுவதற்கு ஓர் எண் பொதுவெளியில் இருந்தது என்பதே சிறப்பு. ஆனால் பாரிஸில் பனிப்பாளம் இறக்கும் ஸ்டுடியோவிடம் கேட்கும் அதே விரிவான அறிக்கையை, மூன்று பை மண்ணோடு பணிசெய்யும் தொடக்கநிலைக் கலைஞரிடம் கேட்பது அவருடைய ஒரு வாரத்தைத் திருடுவதாகும். போக்குவரத்து, முதன்மைப் பொருட்கள், படைப்பின் முடிவு ஆகிய மூன்றையும் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னால் போதுமானது.

கழிவுப் பொருட்களால் செய்த படைப்பு தானாகவே சூழலுக்கு உகந்ததாகிவிடுமா?

ஆகாது. பழைய பிளாஸ்டிக் புட்டிகளைச் சேகரித்து எப்பாக்சி பிசினால் ஒட்டிவிட்டால், அதுவரை மறுசுழற்சிக்குப் போகக்கூடியதாக இருந்த பொருள் இனி எதற்கும் உதவாத கலவையாகிவிடுகிறது. மக்காச்சோளத்திலிருந்து பெறப்படும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் மட்கும் என்று விற்கப்பட்டாலும், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் தொழிற்சாலை உரக்கிடங்கிலேயே அது ஒழுங்காக மட்கும். தோட்டத்துக் குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அக்ரிலிக் வண்ணத்தூரிகையைத் தொட்டியில் கழுவும்போது நுண்பிளாஸ்டிக் சாக்கடைக்குப் போகிறது.

உடல்நலக் கேடும் உண்டு. மின்னணுக் கழிவுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்ட பழைய மரத்தை அறுத்தாலும் எரித்தாலும் ஆர்செனிக் வெளிப்படும். கிடைத்த பொருளைக் கொண்டு வேலை செய்யும் கலைஞருக்கு அதன் பூர்வீகம் தெரிந்திருப்பதில்லை. எனவே முகக்கவசம், கையுறை, காற்றோட்டமான பணியிடம், தேவைப்படும்போது ஒரு வேதியியலாளரின் ஆலோசனை ஆகியவற்றுக்குத் தனித்தொகை ஒதுக்குவது ஆதரவாளரின் கடமை. பூஞ்சை இழைகளை வளர்த்துச் செய்யும் பொருட்கள், கடற்பாசியிலிருந்து பெறும் மென்படலங்கள் போன்ற புதியவற்றைச் சோதிப்பதற்குப் பொதுவான ஒரு பொருள் ஆய்வகத்தைப் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தினால், ஒவ்வொரு கலைஞரும் ஒரே தவற்றைத் தனித்தனியே செய்து கற்க வேண்டியிராது.

ஆதரவுத் தொகை எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமா?

மிக முக்கியம். லிபரேட் டேட் என்ற கலைஞர் குழு 2010 முதல் நடத்திய தொடர் எதிர்ப்புகளுக்குப் பிறகு, பிபி எண்ணெய் நிறுவனத்துடன் பிரிட்டனின் டேட் அருங்காட்சியகங்களுக்கு இருந்த 26 ஆண்டு நிதியுறவு முடிவுக்கு வருவதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. புகழ்பெற்ற கலைஞர் ஒரு நிதியை வெளிப்படையாக மறுத்தால் அது செய்தியாகும். தொடக்கநிலைக் கலைஞர் மறுத்தால் வாய்ப்பு இன்னொருவருக்குப் போகும், அவ்வளவுதான். அந்தச் சங்கடத்தை அவர்மீது சுமத்தாமலிருக்க, நிதி தருபவர்களின் பெயர்களை அழைப்பிலேயே வெளியிட வேண்டும். தம் படைப்பை ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் பயன்படுத்த மறுக்கும் உரிமையும், அந்நிறுவனத்தையே படைப்பில் விமர்சிக்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இரண்டாவது உரிமையை ஏற்கத் தயங்கும் நிதியாளர், பசுமைப் பூச்சு, அதாவது சூழலுக்கு உகந்தவர் என்ற பொய்த்தோற்றம், தேடி வந்தவர் என்று கொள்ளலாம்.

படைப்பு நம்பிக்கையூட்டும் செய்தியைத் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாமா?

கூடாது. விழிப்புணர்வுச் சுவரொட்டி தேவையெனில் அதற்குரிய கட்டணம் தந்து ஒரு வடிவமைப்பாளரிடம் செய்துகொள்ளலாம்.

பாதிக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து செய்யும் பணிகளில் என்ன கவனம் தேவை?

மாசுபட்ட ஆற்றங்கரையில் வாழ்பவர்களிடம் ஏற்கெனவே ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் வந்து கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அடுத்ததாகக் கலைஞரும் அதே வழியில் வந்து போவதற்கு நிதியாளரின் காலக்கெடு பல நேரங்களில் காரணமாகிவிடுகிறது. உள்ளூரில் துணைபுரிபவர்களுக்கு ஊதியம், முகமும் குரலும் பதிவாகும் இடங்களில் பின்னர் திரும்பப் பெறக்கூடிய ஒப்புதல், முடிந்த படைப்பை முதலில் அந்த ஊரிலேயே காட்டுவதற்கான செலவு ஆகிய மூன்றும் வரவுசெலவில் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். அந்தச் சமூகத்திலிருந்தே வரும் கலைஞர் விண்ணப்பித்திருந்தால், வெளியிலிருந்து வருபவரைவிட அவருடைய விண்ணப்பத்தின் மொழி கரடுமுரடாக இருக்கக்கூடும். நடுவர்கள் அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது.

படைப்பு விற்பனையாகாது என்றால் கலைஞர் எப்படிப் பிழைப்பார்?

கிறிஸ்டோவும் ஜான்-கிளாடும் தம் பிரம்மாண்டமான தற்காலிகப் படைப்புகளுக்கான செலவை, முன்வரைவு ஓவியங்களை விற்றே ஈட்டினார்கள் என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சந்தையில் பெயர் இருந்தவர்களுக்கு அது இயன்றது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு உரைகள், பயிலரங்குகள், களக்குறிப்பேடுகளின் சிறு பதிப்புகள், பொது நிறுவனங்கள் தரும் பணி ஆணைகள் ஆகியவை நடைமுறைக்கு உகந்த வழிகள். இவற்றைச் செய்யும் திறனைக் கற்பிப்பதும், முதல் இரண்டு மூன்று வாய்ப்புகளை ஏற்படுத்தித் தருவதும் ஆதரவின் பகுதியே. நல்ல ஒளிப்படக்காரரை அமர்த்திப் படைப்பைப் பதிவு செய்வதற்கான தொகையை ஒருபோதும் குறைக்காதீர்கள். கோதுமை வயலில் கைத்தடியோடு டெனிஸ் நிற்கும் படங்கள் இல்லையெனில், நான்கு மாதங்கள் மட்டுமே இருந்த அந்த வயலை இன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு படைப்பை என்ன செய்வது?

தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இது. நிலத்தில் செய்த படைப்பெனில் யார் நீர் ஊற்றுவது, நிலத்தின் உரிமையாளர் மாறினால் என்ன ஆகும், எப்போது அகற்றுவது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அரங்கில் வைக்கும் படைப்பெனில் ஆணி, திருகு, சுவர்ப்பலகை எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும்படி அமைத்தல் நல்லது. மட்கும் படைப்பை மட்கவிடுவதா, காப்பதா என்பது கலைஞரின் முடிவு. காப்பதென்றாலும் அதற்கு ஆற்றல் மிகுந்த குளிரூட்டல் எப்போதும் தேவைப்படுவதில்லை. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்களைக் கொண்ட பிசோ குழு 2014இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பநிலையும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும் என்று பழைய கடுமையைத் தளர்த்தியுள்ளது.

நட்ட செடிகள் பட்டுப்போனால், திட்டம் நிறைவேறாமல் போனால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

உயிருள்ளவற்றோடு செய்யும் பணியில் வெள்ளமும் வறட்சியும் பூச்சியும் எதிர்பார்க்க வேண்டியவையே. நேர்மையாக உழைத்து, நடந்ததைப் பதிவு செய்த கலைஞரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது. பட்டுப்போன நாற்றுகளின் பதிவு சில வேளைகளில் முதலில் திட்டமிட்ட படைப்பைவிட வலிமையானதாகவும் அமையும்.

பயனை எப்படி அளப்பது?

பார்வையாளர் எண்ணிக்கையும் சமூக ஊடகப் பகிர்வுகளும் எளிதில் கிடைப்பவை, அதனாலேயே அவற்றுக்கு மிகை மதிப்புத் தரப்படுகிறது. ஆதரவு பெற்றவர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் கலைப்பணியில் இருக்கிறாரா, அவருக்கு அடுத்த வாய்ப்பு எங்கிருந்து கிடைத்தது, களத்தில் உருவான உறவுகள் தொடர்கின்றனவா, உடன் பணியாற்றிய அறிவியலாளர் மீண்டும் ஒரு கலைஞரோடு சேர விரும்புகிறாரா என்று விசாரிப்பது நிறுவனத்துக்குப் பயனுள்ள விடைகளைத் தரும். ஒரு படைப்பால் எத்தனை டன் உமிழ்வு தவிர்க்கப்பட்டது என்று கேட்பது பொருந்தாத அளவுகோல்.

பெரிய நிதி இல்லாத தனிநபர் என்ன செய்யலாம்?

பயன்படுத்தாமல் கிடக்கும் கொட்டகையையோ நிலத்துண்டையோ எழுத்துபூர்வமான உடன்பாட்டோடு ஓராண்டுக்குத் தரலாம். வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லலாம். கணக்கர் வரிக்கணக்கைப் பார்த்துத் தரலாம். தாவரவியல் ஆசிரியர் ஒரு நாள் களத்துக்கு உடன் செல்லலாம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை அனுப்பினால், பெரிய பரிசுகள் தராத ஒன்றை, அதாவது அடுத்த மாத வாடகையைப் பற்றிய உறுதியை, கலைஞருக்குத் தர முடியும். சிறிய படைப்பை விலை கொடுத்து வாங்குவதும் உண்டு. பேரம் பேச வேண்டாம்.

ஆதரவுக் காலம் முடிந்தபின் கலைஞரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டுமா?

வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதுவதும், அடுத்த தேர்வுக் குழுவில் ஊதியத்துடன் நடுவராக அழைப்பதும், அவர் படைப்பைப் பார்க்க கண்காட்சிகளைத் தொகுத்து அமைக்கும் வேறு ஊர்க் கியூரேட்டர்களை வரவழைப்பதும் பெருஞ்செலவில்லாத உதவிகள். நிலத்தில் உள்ள படைப்பெனில், ஆண்டுக்கொரு முறை சென்று பார்த்து அதன் நிலையை ஒளிப்படத்தோடு பதிவு செய்து கலைஞருக்கு அனுப்புவதற்கு ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்கிவிடுங்கள். அலுவலர் மாறினால் அந்தப் பொறுப்பும் புதியவருக்கு எழுத்தில் மாற வேண்டும்.